ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அப்புறம் நடைக்கு எவ்வளவு, வெயிட்டுக்கு எவ்வளவு?

பசுமலைக்காரன் · திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். வயது 41. எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஐந்தாவது மாதம் ஓடுகிறது. 128 கிலோவில் இருந்து 97-க்கு வந்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார், குறட்டையும் அடங்கிவிட்டது. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

காலையில் திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையை ஒரு சுற்று முழுக்க நடக்கிறேன். சாயங்காலம் நேரம் கிடைத்தால் இன்னொரு நடை. முன்பு மாதிரி மூச்சு வாங்குவதில்லை. ஆனால் வேறொன்று கவனித்தேன். எங்களுக்குப் பலசரக்குக் கடை. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தோளில் போட்டு மாடிக் குடோனுக்கு ஏற்றுவது எனக்கு ஒரு விஷயமே இல்லாமல் இருந்தது. இப்போது பாதிப் படியில் இறக்கி வைத்து, மூச்சு விட்டு, மறுபடி தூக்க வேண்டியிருக்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. புஜமும் தொடையும் சுருங்கிவிட்டன.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் 'தினமும் நடக்கவும்' என்று மட்டும்தான் இருக்கிறது. ஜிம் வைத்திருக்கும் நண்பர் நடையை நிறுத்திவிட்டு வெயிட் தூக்கும் பயிற்சி மட்டும் செய்யச் சொல்கிறார். கடை இருப்பதால் எனக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதை எப்படிப் பிரிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருநகர் டீச்சர் · திங்கள், இரவு 9.45

தம்பி, எனக்கு பைபாஸ் (இதயத்தில் இல்லை, எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைப்பது) ஆகி நாலு வருடம் தாண்டிவிட்டது. யார் என்ன சொன்னாலும் நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இத்தனை வருடமும் எடை ஏறாமல் நிற்பதற்கு அந்தக் காலை நடைதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம்மைப் போல இடுப்பும் முழங்காலும் பாரம் சுமந்து பழகியவர்களுக்கு நடைதான் பயமில்லாத பயிற்சி. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறையும் என்று என் எலும்பு டாக்டர் சொன்னார். நீங்கள் 31 கிலோ குறைத்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெயிட் எல்லாம் எடை ஒரு நிலைக்கு வந்தபிறகு, ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

தல்லாகுளம் பிசியோ · செவ்வாய், காலை 6.20

டீச்சரம்மா சொன்ன முழங்கால் கணக்கு சரி. நடையை விடக்கூடாது என்பதும் சரி. ஆனால் 'ஒரு வருடம் கழித்து' என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன், மன்னிக்கவும். நான் பிசியோதெரபிஸ்ட். இந்த ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். பசுமலைக்காரர் சொல்லும் அதே புகாரை, கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்பதை, நிறையப் பேர் சொல்வார்கள். எடை குறைகிற சந்தோஷத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

விஷயம் இதுதான். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். முதல் சில மாதங்களில் நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் பெரும்பாலும் ஆயிரம் கலோரியைத் தொடாது. பற்றாக்குறையை உடம்பு கொழுப்பில் இருந்து மட்டும் எடுப்பதில்லை, தசையில் இருந்தும் எடுக்கும். கடன் நெருக்கும்போது வீட்டில் புழங்காத பாத்திரத்தைத்தானே முதலில் அடகுக்குத் தூக்குவோம்? அப்படித்தான், வேலை கொடுக்காத தசை முதலில் போகும். குறைகிற எடையில் ஏறத்தாழ கால் பங்கு வரை கொழுப்பு அல்லாத பகுதியாக இருக்கலாம். அதில் பெரும்பகுதி கரைவது முதல் ஆறு மாதத்துக்குள். ஒரு வருடம் காத்திருந்து வெயிட்டைத் தொட்டால், காப்பாற்ற வேண்டியது பாதி போனபிறகு ஆரம்பிக்கிற கதையாகிவிடும்.

நடை தொடைத் தசையைக் கொஞ்சம் காக்கும். தோள், முதுகு, புஜத்துக்கு அதனால் ஒன்றும் கிடையாது. அதனால் உங்கள் ஒரு மணி நேரத்தில் முதல் உரிமை வெயிட்டுக்கு, மிச்சம் நடைக்கு. இந்த வரிசையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

வாரம் மூன்று நாள் பலப் பயிற்சி, நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். மற்ற நாட்களில் முப்பது நாற்பது நிமிட வேக நடை. இரண்டையும் ஒரே நாளில் செய்ய நேர்ந்தால் வெயிட் முதலில், நடை அப்புறம். நடந்து களைத்த காலோடு பாரம் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும், பாரமும் ஏறாது.

என்னென்ன செய்வது? நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது. அது சுலபமானதும் நம்ம ஊர் பஸ்கி. சுவரில் கை வைத்துத் தண்டால், பிறகு மேஜை விளிம்பில், பிறகு தரையில். ரப்பர் பேண்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி முழங்கையைப் பின்னால் இழுப்பது. டம்பெல்ஸைத் தலைக்கு மேலே தூக்குவது. இரண்டு கையிலும் பாரம் பிடித்து, முதுகு நிமிர்ந்து, அறையின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு நடப்பது. சிப்பம் ஏற்றும் உங்களுக்கு இந்தக் கடைசிப் பயிற்சிதான் மிகவும் உதவும். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. முடிக்கும்போது 'இன்னும் இரண்டு தடவை முடியும்' என்ற அளவில் நிறுத்துங்கள். அதே பாரத்தில் 12 லேசாக வந்துவிட்டால் அடுத்த வாரம் பாரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கூட்டாமல் ஒரே பாரத்தில் மாதக்கணக்காக நின்றால் பலன் நின்றுவிடும்.

மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். லேப்ராஸ்கோபி துளைகள் வழியாகக் குடலிறக்கம் வரலாம் என்பதால் முதல் நாலு முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்க விடமாட்டார்கள். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. ஆனாலும் தழும்புப் பக்கம் புடைப்போ இழுக்கிற வலியோ இருந்தால் சர்ஜனிடம் காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஒத்தக்கடை தம்பி · செவ்வாய், காலை 8.05

மேடம் சொன்னதை வழிமொழிகிறேன். நானும் ஜிம் ஆள்தான். ஆனால் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன். நடை, சைக்கிள், டிரெட்மில் எல்லாமே தசையைத் தின்றுவிடும். ஆறு மாதத்துக்கு அதை மொத்தமாக நிறுத்திவிட்டு பாரம் மட்டும் தூக்கினால் என்ன? நம்ம தாத்தாக்கள் இளவட்டக்கல்லைத் தூக்கித்தானே உடம்பை வைத்திருந்தார்கள், டிரெட்மில்லில் ஓடினார்களா?

திருநகர் டீச்சர் · செவ்வாய், காலை 8.30

தம்பி, உங்கள் தாத்தா கல்லையும் தூக்கினார், பத்து மைல் நடந்து சந்தைக்கும் போனார்.

தல்லாகுளம் பிசியோ · செவ்வாய், மதியம் 2.15

தம்பி, அரைமணி நேர நடை தசையைத் தின்னாது. பட்டினி கிடந்து, புரதமும் இல்லாமல், தினமும் இரண்டு மணி நேரம் ஓடினால்தான் அந்தப் பயம். இதயத்தின் தாங்குசக்தி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு இவற்றுக்கெல்லாம் மூச்சு வாங்கும் பயிற்சி வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறது: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி.

மிதமானது என்பதற்கு வாட்ச் எல்லாம் தேவையில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான்.

டீச்சரம்மாவின் அனுபவம் இங்கேதான் பொருந்துகிறது. ஒன்றரை வருடம் தாண்டி எடை நிலைத்தபிறகு சாப்பாடும் கொஞ்சம் கூடும், பசியும் திரும்பும். அப்போது எடை ஏறாமல் பிடித்து நிறுத்துவதில் நடைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கட்டத்தில் நடை நிமிடங்களைக் கூட்டச் சொல்வேன். பசுமலைக்காரர் இருக்கும் ஐந்தாவது மாதத்தில் நிலைமை வேறு.

பசுமலைக்காரன் · செவ்வாய், இரவு 10.00

மேடம், இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிகவும் நன்றி. ஒரு சந்தேகம். சாப்பாடே இறங்காதபோது தசைக்குத் தீனி எங்கிருந்து வரும்? காலையில் ஒரு இட்லி, சாம்பார். மதியம் நாலு வாய் ரசம் சோறு, ஒரு முட்டை. இரவு ஒரு தோசை அல்லது கொஞ்சம் தயிர் சோறு. இதற்கு மேல் போனால் நெஞ்சில் அடைக்கிறது.

வில்லாபுரம் அக்கா · செவ்வாய், இரவு 10.40

தம்பி, நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் புரதம் இருபது கிராம் தேறினாலே அதிகம். ஆபரேஷன் ஆனவர்களுக்கு டயட்டீஷியன் சொல்கிற அளவு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம். இதைச் சரி செய்யாமல் டம்பெல்ஸ் தூக்கினால் களைப்புத்தான் மிஞ்சும். எனக்கும் ஸ்லீவ்தான், சமையல் கணக்கை நான் சொல்கிறேன்.

தட்டில் எது முதலில் என்பதை மாற்றுங்கள். முதல் வாய் முட்டை, மீன், கோழி, பன்னீர், பருப்பு இதில் ஒன்று. அடுத்தது காய். சோறு இடம் இருந்தால் மட்டும். வயிறு சின்னது, ரசம் சோறு முதலில் போனால் அதோடு கதவு மூடிவிடும்.

ஒரு முட்டை 6 கிராம். 100 கிராம் பன்னீர் 18 கிராம் வரும். வேக வைத்த கொண்டைக்கடலை 100 கிராமுக்கு 8, 9 கிராம். சோயா உருண்டையை உலர்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 25-க்கு மேல், ஆனால் அதை நன்றாக ஊற வைத்துப் பிழிந்து சின்னதாக வெட்டிப் போடுங்கள், இல்லையென்றால் தொண்டையிலேயே நிற்கும். அயிரை மீன் குழம்பு நமக்குக் கொடுத்து வைத்தது, மெத்தென்று இறங்கும். எண்ணெய் மிதக்கிற கடைக் குழம்பாக இல்லாமல் வீட்டில் வையுங்கள். கறி என்றால் கைமா போட்டு வேகவைத்த உருண்டை, பொரித்தது வேண்டாம்.

அப்படியும் எட்டாவிட்டால் வே புரோட்டீன் பவுடர், அதாவது பாலில் இருந்து எடுக்கும் புரதப் பொடி. இனிப்பு பிடிக்காமல் போனவர்கள் சுவை சேர்க்காததை வாங்கி, ஆறிய பருப்புத் தண்ணீரிலோ மோரிலோ கலக்கலாம். நான் மோரில் பெருங்காயமும் உப்பும் போட்டுத்தான் குடிக்கிறேன். டம்பெல்ஸ் முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இதை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து முடித்துவிடுவேன்.

சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரைமணி கழித்து. இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீயும் ஆகாது.

மேலூர் கண்மாய்க்கரை · புதன், காலை 7.10

தண்ணீர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சித்திரை வெயிலில் நடப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் மாதிரி நடந்து முடித்து அரை லிட்டரை மடக் மடக்கென்று நம்மால் குடிக்க முடியாது. நடப்பதற்கு முன்பே வாய் வாயாகக் குடித்து, நடக்கும்போதும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது.

இன்னொன்று. என் மைத்துனருக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய், கூட்டத்தில் நடந்த களைப்பில் மண்டகப்படியில் கொடுத்த பானகத்தை ஒரு டம்ளர் குடித்துவிட்டார். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, சட்டை நனைய வியர்த்து, ஓரமாக உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்று நாங்கள் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்த்தால், இனிப்பு ஒரேயடியாகச் சிறுகுடலில் இறங்குவதால் வருகிற டம்பிங் என்றார்கள். ஜிம்மில் குளுக்கோஸ் தண்ணீர், எனர்ஜி டிரிங்க் கலக்கிக் கொடுப்பார்கள். பைபாஸ் ஆனவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

தல்லாகுளம் பிசியோ · புதன், காலை 7.50

மிக முக்கியமான தகவல், அண்ணே. ஒரே ஒரு விலக்கு: இன்னும் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கலாம். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே கொஞ்சம் சர்க்கரை எடுத்தே ஆக வேண்டும், சற்று கழித்துப் புரதம். அப்படி ஒரு தடவை இறங்கினாலே டாக்டரைப் பார்த்து மருந்தளவைக் குறைக்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். எடை குறைந்தபிறகு பழைய அளவையே போட்டுக்கொண்டு, பஸ்கி முடித்து எழும்போது தலை சுற்றி விழுந்தவர்கள் உண்டு.

அலங்காநல்லூர் விவசாயி · புதன், இரவு 8.20

நான் காலையில் வயலுக்குப் போனால் மதியம்தான் வீடு. வரப்பு வெட்டுகிறேன், உரமூட்டை தூக்குகிறேன். எனக்கும் தனியாக இந்தப் பயிற்சி வேண்டுமா?

தல்லாகுளம் பிசியோ · புதன், இரவு 9.30

ஐயா, நடைக்கான கணக்கு உங்களுக்கு வயலிலேயே முடிந்துவிடும். அதற்காகத் தனியாக நடக்க வேண்டாம். ஆனால் வயல் வேலை குனிந்தே செய்வது, ஒரே பக்கத் தோளில் சுமப்பது. நெஞ்சு, மேல் முதுகு, இடுப்பின் பக்கத் தசை இவற்றுக்கு அது போதாது. நடவு இல்லாத மாதங்களில் வேலையும் நின்றுவிடும். வாரம் இரண்டு நாள் இருபது நிமிடம், தண்டாலும் பேண்ட் இழுப்பும் செய்தால் போதும். கர்லாக்கட்டை சுற்றிப் பழக்கம் உண்டென்றால் லேசான கட்டையில் ஆரம்பியுங்கள், தோளுக்கு அருமையானது.

வில்லாபுரம் அக்கா · வியாழன், காலை 11.00

பெண்களுக்காக ஒரு வார்த்தை. 'வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி உடம்பு வந்துவிடும்' என்று எங்கள் தெருவில் என்னிடமே சொன்னார்கள். நம்ம வயதில், இந்தச் சாப்பாட்டில், அப்படி வரவே வராது. வருவது எலும்புக்குப் பலம். ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பின் அடர்த்தி குறையும், மாதவிடாய் நின்றவர்களுக்கு இரட்டை நஷ்டம். ஜிம் போகக் கூச்சமாக இருந்தால் மாடிப்படியும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் போதும், ஆரம்பிக்க. நான் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது படிக்கட்டில் நின்று நின்று செய்தேன். நாலு பேர் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒத்தக்கடை தம்பி · வியாழன், இரவு 9.15

நடையை நிறுத்தச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் மேடம். ஒரு கேள்வி: முதல் வாரம் உடம்பு வலி பின்னி எடுக்குமே, வலி மாத்திரை போடலாமா? இங்கே எல்லோரும் போடுகிறார்கள்.

தல்லாகுளம் பிசியோ · வியாழன், இரவு 9.40

இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. பைபாஸ் ஆனவர்களுக்குக் குடலை இணைத்த இடத்தில் புண் வரும், ரத்தம் கசியும், சில சமயம் ஓட்டையே விழும். ஸ்லீவ் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பாராசிட்டமால் போதும். இரண்டு நாளில் அடங்காத வலி என்றால் பாரம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள்.

அதே மாதிரி, படி ஏறினால் மூச்சு வாங்குவது, பாதத்தில் மதமதப்பு, காரணமில்லாத அசதி இவற்றைப் பயிற்சி போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாக உடம்பை வருத்துகிறார்கள். இரும்போ பி12-ஓ குறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான். முதலில் ரத்தப் பரிசோதனை.

பசுமலைக்காரன் · ஞாயிறு, இரவு 8.50

மறுபடி வருகிறேன். டயட்டீஷியனிடமும் பேசிவிட்டேன், சாப்பாட்டை வில்லாபுரம் அக்கா சொன்ன வரிசைக்கு மாற்றியாகிவிட்டது. சர்ஜன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குடலிறக்கம் எதுவும் இல்லை, பாரம் தூக்கலாம் என்றார். பி12, இரும்பு, விட்டமின் டி மூன்றுக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறேன்.

இதுதான் திட்டம். திங்கள், புதன், வெள்ளி கடை திறப்பதற்கு முன் வெயிட் அரைமணி. செவ்வாய், வியாழன், சனி கிரிவல நடை. புதன் சாயங்காலம் மலைப் படியும் ஏறலாம் என்று நினைக்கிறேன். ஞாயிறு ஓய்வு. ஒரே கவலை, இந்த வாரம் தராசு முள் அசையவே இல்லை.

தல்லாகுளம் பிசியோ · ஞாயிறு, இரவு 9.35

பாரம் தூக்க ஆரம்பித்ததும் தசையில் கொஞ்சம் நீர் கோக்கும், முள் ஒன்றிரண்டு வாரம் நிற்கும். பயப்பட வேண்டாம். தராசை வாரம் ஒரு தடவை மட்டும் பாருங்கள். அதோடு இடுப்புச் சுற்றளவையும், கை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து முப்பது நொடியில் எத்தனை தடவை எழ முடிகிறது என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இந்த இரண்டாவது எண் ஏறுகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

திட்டத்தில் ஒரு திருத்தம். புதன் காலையில் பஸ்கி செய்துவிட்டு சாயங்காலம் மலைப் படி ஏறினால் தொடைக்கு ஓய்வே இல்லை. மலையைச் சனிக்கிழமைக்கு மாற்றி, அன்றைக்கு கிரிவல நடையை விட்டுவிடுங்கள். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை அதிகம், கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்குங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரிடம் காட்டிவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள். இரும்பு குறைவாக இருந்தால் மலையைத் தள்ளி வைக்கலாம்.